நகல் சார் வரவில்லை

நகல் சார் அன்றைக்கும் ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். குடையை மடக்கி மேஜைக் காலில் சாய்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், யாரோ கட்டப்போகிற வீட்டின் வரைபடத்தை விரித்து நகலெடுக்க உட்கார்ந்தார். அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் ஒரு பெரிய திரை. அதில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. சிவப்பு என்றால் ஆள் வரவில்லை. அன்றோடு ஒன்பது நாளாக நகல் சார் வரவில்லை.

இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மனுஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார், தும்முகிறார், பக்கத்து மேஜைக்கு ரப்பர் கொடுக்கிறார். ஆனால் வரவில்லை.

விஷயம் இதுதான். அந்த வரைபட நகல் அலுவலகத்தில் வருகைக்கென்று தனி நோட்டு கிடையாது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கிறது, வயரைச் செருகுகிற அந்தச் சின்னத் தகடு. ஒவ்வொரு கார்டுக்கும் அதற்கே அதற்கென்று ஓர் எண். காலையில் கணினியைப் போட்டதும் கார்டு விழித்து, "நான் இன்னார்" என்று தன் எண்ணைச் சொல்லும். சொன்னால் பச்சைப் புள்ளி, ஆள் வந்தாச்சு. கார்டு வாயைத் திறக்காவிட்டால் சிவப்பு. தொடர்ந்து பதினைந்து வேலை நாள் சிவப்பாகவே இருந்தால், பதினைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அந்த ஆள் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டதாக முடிவு. அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்பி வர முடியாது.

அங்கே இருந்த இருபத்து மூன்று கணினிகளுக்கும் பொறுப்பு வயரக்கா. நகல் சாரைக் கட்டிக்கொண்டவளும் அவளேதான்.

பழைய இயங்குதளத்தின் உரிமம் முடிகிறது என்றதும், "அதை எதுக்குக் கட்டி அழணும்? லினக்ஸ் போடுவோம். யார்கிட்டயும் கை கட்டி நிக்க வேணாம், உள்ள என்ன இருக்குன்னு நாமளே திறந்து பாத்துக்கலாம்" என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தவள் அவள். நிர்வாகி அரைப் பக்கம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இருபத்து மூன்றிலும் ஏற்றி முடித்தாள். திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு புள்ளிகள் சொன்ன பேச்சுக் கேட்டுப் பச்சையாக எரிந்தன. ஒன்றே ஒன்று எரியவில்லை. எது? வேறெது, கட்டின புருஷனுடையதுதான்.

"ஊரான் கார்டெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருது, வீட்டுக்காரர் கார்டு மட்டும் முறைச்சுக்கிட்டு நிக்குதே. வீட்ல ஏதாவது சண்டையா வயரக்கா?" என்று கேட்டார் ஸ்டோர்காரர். எல்லோரும் சிரித்தார்கள். முதல் நாள் அவளும் சிரித்தாள்.

அந்தக் கார்டு ஏன் அவருக்கு வாய்த்தது என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் நெஞ்சில் முள். மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுக் கார்டுகள் வந்தபோது ஒன்று குறைந்தது. ஸ்டோரின் கடைசி அலமாரியிலிருந்து, பேர் தெரியாத கம்பெனி செய்த கார்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதை யார் தலையில் கட்டுவது? வயரக்கா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. 'நல்லதா பாத்துப் புருஷனுக்கு எடுத்துக்கிட்டா' என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. கார்டு மட்டுமா? சக்கரம் போன நாற்காலி அவருக்கு, எழுத்து தேய்ந்த கீபோர்டு அவருக்கு, மின்விசிறிக் காற்று எட்டாத மூலை அவருக்கு. இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுத்தால் 'ஜோடியா கிளம்பிட்டாங்கப்பா' என்பார்களே என்று, பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் கூடச் சேர்ந்து எடுத்ததில்லை. "ஒரு வியாழக்கிழமை, கூட்டமில்லாத நாளாப் பாத்து, அந்த ஏரிக்குப் போய்ப் படகுல ஏறிட்டு வருவோமா?" என்று அவர் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். "பாக்கலாங்க" என்பாள். பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

கார்டுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அது தினமும் கண் விழிக்கும்போது ஒரு சின்னக் கோப்பு கேட்கும். அதை ஊட்டினால்தான் எழுந்திருக்கும். செய்த கம்பெனி அந்தக் கோப்பை மற்றவர்கள் விநியோகிக்க விடவில்லை, அதனால் லினக்ஸோடு அது வரவில்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்து வந்து உள்ளே போட்டால் இரண்டு நிமிஷ வேலை.

ஆனால் எடுத்து வர முடியாது. அலுவலகத்து வயர்கள் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றி வருபவை, வெளி இணையத்தைத் தொடாது. பென் டிரைவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் அனுமதி வேண்டும். அனுமதியை அந்தக் கணினிக்காரரே, அந்தக் கணினியிலிருந்தே, நெட்வொர்க் வழியாகக் கேட்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. இப்படி ஒரு விதியை எந்த மகராசன் எழுதினான் என்று திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எழுதினது வயரக்காவேதான். நான்கு வருஷத்துக்கு முன், வைரஸ் வந்த கோபத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள். இப்போது புருஷனுக்காக அதை மீறினால் ஊர் வாயால் சிரிக்காது.

பேருந்தில் வீடு திரும்பும்போது கைப்பேசியில் லினக்ஸ்காரர்கள் கூடுகிற ஓர் இணைய மன்றத்தில் கேள்வி போட்டாள். கார்டின் மாதிரி, லினக்ஸின் பதிப்பு, பிழைச் செய்தி எல்லாம் ஒழுங்காக எழுதி, கோப்பு இல்லாமல் இதை எழுப்ப வழி உண்டா என்று கேட்டாள். மறுநாளே பதில்கள் குவிந்தன. முதல் ஆள், "என்கிட்ட நல்லா வேலை செய்யுதே" என்றான். இரண்டாம் ஆள், இதே கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாச்சு, தேடிப் பார்க்கத் துப்பில்லையா என்றான். மூன்றாம் ஆள் இரண்டாம் ஆளின் மரியாதையைப் பற்றி எழுதினான். அதற்குப் பிறகு வந்த நாற்பது பதில்களும் அவர்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை. கார்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அலுவலகத்திலோ நகல் சார் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தார். டீக்காரம்மா பச்சைப் புள்ளியை எண்ணித்தான் டீ போடுவாள். இருபத்திரண்டு டீ வரும், அவர் மேஜையைத் தாண்டிப் போகும். "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க வரலையே" என்று அவள் அவரிடமே சொன்னாள். "அது சரிதாம்மா, உன்மேல என்ன தப்பு" என்றார் அவர். யாராவது வந்து, "நகல் சார் இருக்காரா?" என்று அவரிடமே கேட்டால், திரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இல்லைங்க, ஒன்பது நாளா வரலை" என்று பணிவாகச் சொல்லியனுப்பினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

பத்தாம் நாள் வயரக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் ஒரு குச்சி கார்டு கிடந்தது, வெளியே செருகுகிற வகை. தடைப் பட்டியலில் பென் டிரைவ் இருந்தது, குச்சி கார்டு இல்லை. கொண்டுவந்து செருகினாள். அடுத்த நொடியே லினக்ஸ் அதை அடையாளம் கண்டு, விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. "வந்துருச்சுங்க!" என்று கையைத் தட்டிவிட்டாள். திரையில் புதிதாக ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது. கீழே, 'புதிய ஊழியர், எண் 24'. நகல் சாரின் சிவப்பு அப்படியே இருந்தது.

நிர்வாகி கையை நீட்டிக்கொண்டே வந்தார். "வாங்க, வாங்க! உக்காருங்க. இது நல்ல இடம். உங்களுக்கு முன்னாடி இங்க ஒருத்தர் இருந்தார். தங்கமான மனுஷன். என்ன ஆச்சோ, திடீர்னு வர்றதை நிறுத்திட்டார். நீங்க அப்படிப் பண்ணிடாதீங்க."

"பண்ண மாட்டேன் சார்" என்றார் நகல் சார், எழுந்து நின்று.

அன்றைக்கு அவருக்கு டீ வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். புது ஊழியராக அனுமதி கேட்டுப் பார்க்கலாமே என்றால், புதியவர்கள் ஆறு மாதத்துக்கு எதையும் கேட்கக் கூடாதாம். மறுநாள் நிர்வாகி புதியவரின் நியமனக் கடிதத்தைக் கேட்டார். நகல் சாரிடம் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கடிதம்தான் இருந்தது, அதில் வேறு ஆளின் எண் இருந்தது. குச்சி கார்டு வாசலுக்குப் போனது. இரண்டாவது சிவப்புப் புள்ளி எரிந்தது. "இந்தக் காலத்துப் பசங்க ரெண்டு நாள்கூடத் தாக்குப் பிடிக்கிறதில்ல" என்று நிர்வாகி, ஐம்பத்து மூன்று வயது நகல் சாரிடம் அலுத்துக்கொண்டார்.

அன்று பேருந்தில் அவர் மெதுவாகக் கேட்டார். "வேற வழியே இல்லையாம்மா?"

வழி இருந்தது. வயரக்காவுக்குத் தெரியும். லினக்ஸில் ஒரு கார்டுக்கு எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம். அவள் கார்டிடமே, 'நீ உன் எண்ணையும் சொல்லு, கூடவே அவர் எண்ணையும் சொல்லு' என்று இரண்டு வரி தட்டினால் போதும், அது இரண்டு பேராக நின்று குரல் கொடுக்கும். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் பெண்டாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே புருஷனுக்கு வருகை போட்டாள் என்று பேச்சு வந்தால்? பத்தொன்பது வருஷமாகச் சேர்த்த பேர் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடாதா?

"இல்லைங்க" என்றாள்.

"சரி. நீயே இல்லைன்னா இருக்காது" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை அவளை நன்றாக அறுத்தது. கோபமாக ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

பதின்மூன்றாம் நாள் பிரிவுபசார விழாவுக்குச் சுற்றறிக்கை வந்தது. பதினைந்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு. வாழ்த்து அட்டை எழுத வேண்டும். அங்கே அழகான கையெழுத்து யாருக்கு? அதையும் அவரிடமே கொடுத்தார்கள். 'எங்களை விட்டுப் பிரியும் அன்பு நண்பருக்கு' என்று வளைத்து வளைத்து எழுதி, ஓரத்தில் ஒரு பூ போட்டார். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இவரும் கூச்சத்தோடு கடைசியில் ஒன்று போட்டார்.

பதினைந்தாம் நாளும் வந்தது. மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை, இரண்டு மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். நடுவில் நகல் சாருக்கென்று ஒரு காலி நாற்காலி. "சார், அதைக் கொஞ்சம் இந்தப் பக்கமா நகர்த்துங்களேன்" என்று நிர்வாகி கேட்க, நகல் சார்தான் நகர்த்திப் போட்டார். போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

ஆளாளுக்குப் பேசினார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்றார் ஒருவர். "கேட்டா ரப்பர் கொடுப்பார். இனி யார்கிட்ட கேப்பேன்?" என்று பக்கத்து மேஜைக்காரர் தழுதழுத்தார், கையில் அன்று காலை அவரிடமே வாங்கின ரப்பரோடு. டீக்காரம்மா மூக்கைச் சிந்தினாள். சும்மா சொல்லக் கூடாது, எல்லோரும் மனசாரத்தான் அழுதார்கள்.

கடைசியாக நிர்வாகி நினைவுப் பரிசைக் கையில் எடுத்தார், ஒரு சுவர்க் கடிகாரம். "அவர் வர முடியாததால, குடும்பத்துல யாராவது வந்து வாங்கிக்கணும்."

வயரக்கா எழுந்து போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் நிர்வாகி. "இந்த அம்மாவைப் பத்தியும் நான் சொல்லியாகணும். புருஷன்னா நாலு சலுகை காட்டத்தான் எல்லாரும் பாப்பாங்க. இவங்க, பதினஞ்சு நாளா கண்ணெதிர்ல அவர் வேலை போறதைப் பாத்துக்கிட்டு இருந்தும் ஒரு விரலை அசைக்கல! நேர்மைன்னா இது. கை தட்டுங்க!"

தட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினவர் கடைசி வரிசையில் இருந்த நகல் சார். அவர் முகத்தில் கேலி இல்லை, குத்தல் இல்லை. பெண்டாட்டியைப் புகழ்கிறார்களே என்ற பெருமைதான் இருந்தது. வயரக்காவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. யாரோ நாலு பேர் வாய்க்குப் பயந்து, இந்த மனுஷனுக்கு இத்தனை வருஷம் பானையில் ஒட்டின சோற்றையே வழித்துப் போட்டிருக்கிறோமே என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது, அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. கோபம் அவள் மேலேயே.

"போதும் தட்டினது!" என்றாள் சத்தமாக.

கடிகாரத்தை இடுக்கிக்கொண்டு நேராகத் தன் மேஜைக்குப் போனாள். மணி நான்கு ஐம்பது. கடிகாரத்தின் கீழ்த் தகட்டில் அவர் பெயரும், பெயருக்குக் கீழே அவருடைய கார்டு எண்ணும் பொறித்திருந்தார்கள், திரையில் இருந்ததை அப்படியே பார்த்து. அதைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஓர் எழுத்து விடாமல் தட்டினாள். ஒரு முறை தப்பாகப் போனது. அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். முதல் வரி. இரண்டாவது வரி.

நான்கு ஐம்பத்தாறுக்குச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி பச்சையானது.

"நகல் சார் வந்துட்டார்!" என்று யாரோ கத்தினார்கள். அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை. பிறகு ஒவ்வொருவராகக் கடைசி வரிசைக்குத் திரும்பினார்கள். ஸ்டோர்காரர் ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார். "எங்க சார் போயிட்டீங்க இவ்வளவு நாளா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இங்க பக்கத்துலதான்" என்றார் நகல் சார். அதற்குள் டீ வந்துவிட்டது.

மறுநாள் காலை எழுத்துமூலம் விளக்கம் கேட்டு நிர்வாகியிடமிருந்து தாள் வந்தது. 'ஒரே கார்டில், ஒரே வயரில், இரண்டு ஊழியர்கள் இருப்பதாகத் தெரிகிறது. காரணம்?' காரணம் எழுத ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அலுவலகமே மூச்சுப் பிடித்துப் பார்த்தது. அவளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதத் தோன்றவில்லை. 'அவர் என் கணவர். நான்தான் செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். கொடுத்த பிறகு, நிர்வாகி முன்னாலேயே, தன் மேஜையிலிருந்த நல்ல நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் நகல் சாருக்குப் போட்டாள். இத்தனை வருஷம் எந்தச் சொல்லுக்குப் பயந்தாளோ, அது கடைசியில் வரவே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

நகல் சாரும் சும்மா இருக்கவில்லை. வந்துவிட்ட ஆள் அல்லவா, அவள் கணினியிலேயே உட்கார்ந்து தன் கார்டுக்குக் கோப்பு கொண்டுவர அனுமதி கேட்டார். அவருடைய கணினியிலிருந்துதானே கேட்க வேண்டும் என்று கணினி மறுத்துவிட்டது. "நல்லாத்தான் எழுதியிருக்கே விதியை" என்றார் அவளைப் பார்த்து.

மூன்று நாள் கழித்து நிர்வாகியின் முடிவு வந்தது. நகல் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "விளக்கம் ஏற்கப்பட்டது. இதே ஏற்பாடு தொடரலாம். ஆனால் கார்டு ஒன்றே என்பதால், இனி இருவரில் ஒருவர் மட்டும் விடுப்பு எடுக்க இயலாது. எடுத்தால் இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும்."

படித்து முடித்து, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"வியாழக்கிழமைங்களா?" என்றாள் வயரக்கா.

அவர் தலையை ஆட்டினார்.

புதன்கிழமை மாலை கிளம்பும்போது அவள் குனிந்து அந்த ஒற்றை வயரைப் பிடுங்கினாள். சுவரில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகச் சிவந்தன. நகல் சார் குடையை எடுத்துக்கொண்டார்.